ஹாரன் ஃபியூஸைத் தேடிய பெரிய மனிதர்கள்

நேற்றுக் காலை எங்கள் சித்தப்பாவின் கார் ஊமையாகிவிட்டது!

எஞ்சின் ஓடுகிறது. விளக்கு எரிகிறது. வைப்பர்கூட ஆடுகிறது. ஹாரன் மட்டும் வாய் திறக்கவில்லை.

மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். சித்தப்பாவுக்கு அப்படி இல்லை.

போன மாதம்தான் செகண்ட் ஹேண்டில் அந்தக் காரை வாங்கினார். லேபர் கேம்ப் குடியிருப்பில் மாடியில் இருக்கும் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கும். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது ஐந்தாறு முறை ஹாரன் அடிப்பார். எதிரில் ஒரு பூனைகூட இருக்காது. (கார் வாங்கியது ஊருக்குத் தெரிய வேண்டாமா?)

அப்போதுதான் மேலே சித்தி படுத்திருப்பார். சித்தி ஆஸ்பத்திரியில் ஆயா. நைட் டூட்டி முடித்து வந்து, பகலில் தூங்கினால்தான் தூக்கம்.

"கிளம்பும்போது மட்டும் அடிக்காதிய" என்று ஒரு மாதமாகக் கெஞ்சிப் பார்த்தார்.

"காருன்னா சத்தம் இருக்கத்தான செய்யும்!" என்பது சித்தப்பாவின் பதில்.

இப்போது சத்தம் இல்லை. உடனே மாநாடு கூடியது.

ஏசி ரிப்பேர் செய்யும் முருகேசன் மாமா வந்தார். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் யூசுப் பாய் வந்தார். பானெட்டைத் தூக்கினார்கள்.

முருகேசன் மாமா எட்டிப் பார்த்த வேகத்திலேயே தீர்ப்புச் சொன்னார். "ரிலே போயிட்டு, அண்ணாச்சி."

"இதுல எது ரிலே?" என்றார் சித்தப்பா.

"எல்லாமே ரிலேதான்."

பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றி, பக்கத்துப் படியில் மல்லாக்கப் போட்டார்கள். டீ வந்தது. மூன்று கிளாஸையும் அந்த மூடியின் மேலேயே வைத்தார்கள்!

"மாமா, எது ஃபியூஸ், எது ரிலேன்னு அந்த மூடியிலதான் படம் போட்டிருக்கு" என்றேன்.

"ஏட்டி, ஒனக்கு ஸ்கூலுக்கு நேரமாவலியா?"

(ஆகவில்லை. பத்தாம் வகுப்பில் மின்சாரப் பாடத்தை மூன்று முறை படித்தவள் நான். எப்படிப் போவேன்?)

யூசுப் பாய் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினார். "ட்ரிப் ஆயிருக்கும். சுவிட்ச்சைத் தூக்கிவிட்டா ஹோ கயா, வேலை முடிஞ்சுது!"

வீட்டு மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக்கரைத்தான் அவர் காருக்குள் தேடிக்கொண்டிருந்தார். பிரேக்கர் விழுந்தால் திரும்பத் தூக்கிவிடலாம். ஃபியூஸ் எரிந்தால் மாற்றத்தான் வேண்டும். இந்த ஹாரனுக்கு இருப்பது ஃபியூஸ். இதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

டீ தீர்ந்த பிறகு கிளாஸ்களை எடுத்துவிட்டு மூடியைப் பார்த்தேன். யூசுப் பாயின் கிளாஸ் இருந்த வட்டத்துக்குள் குட்டி ஹாரன் படம்! பக்கத்தில் 15 என்ற எண்.

முதலில் ரிலேயைப் (ஹாரனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் குட்டி சுவிட்ச்) பார்த்துவிடலாம் என்று, ஹாரன் ரிலேயில் இருந்த அதே மாடல் எண் போட்ட பக்கத்து ரிலேயைக் கழற்றி அதன் இடத்தில் மாட்டச் சொன்னேன். சித்தப்பா மாட்டினார். ஹாரனை அமுக்கினார். சத்தம் இல்லை.

"பாத்தியளா? ரெண்டு ரிலேயும் போயிட்டு!" என்றார் முருகேசன் மாமா.

அடுத்து ஃபியூஸ் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். எரியவில்லை. உருகவில்லை. அங்கே ஃபியூஸே இல்லை! ஸ்பேர் வைக்கும் இடமும் காலி.

"நேத்து அடிச்சதே!" என்றார் சித்தப்பா.

"ஓவர்லோடு. உருகி ஆவியாயிருக்கும்" என்றார் முருகேசன் மாமா.

(பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஆவியாகும் ஃபியூஸ் எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை.)

"பதினஞ்சு ஆம்பியர், நீலக் கலர். அதுதான் வேணும்" என்றேன்.

"கலர்ல என்ன இருக்கு? அந்தப் பச்சை முப்பதைப் புடுங்கிப் போடுங்க. பெருசா போட்டா சத்தமும் பெருசா வரும்" என்றார் முருகேசன் மாமா. சித்தப்பாவின் முகம் மலர்ந்தது!

"வேண்டாம் சித்தப்பா! அது எரியாது, அதுக்குப் பதிலா வயர் எரியும்!"

"சோட் நா, விடு பேட்டா" என்ற யூசுப் பாய், சிகரெட் பெட்டியிலிருந்து வெள்ளித்தாளைக் கிழித்து உருட்டினார். "இதை வச்சா ஏக் நம்பரா, ஃபர்ஸ்ட் கிளாஸா ஓடும்."

அந்த நேரத்தில் சித்தி, வழக்கத்தைவிடத் தாமதமாக டூட்டி முடிந்து வந்து நின்றார். தோளில் பை, கண்ணில் இரவு முழுவதும் விழித்த சிவப்பு, கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை.

அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், சித்தியின் போட்டோவுக்குப் பக்கத்தில், ஏதோ நீலமாகத் தெரிந்தது.

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். (எனக்கு இது அபூர்வம்.)

வெள்ளித்தாள் பெட்டிக்குள் இறங்கப் போனது.

"அதை வச்சுக் காரைக் கொளுத்திராதிய" என்ற சித்தி, உறைக்குள் விரலை விட்டு ஃபியூஸை எடுத்து நீட்டினார். "இந்தா இருக்கு. நேத்து டூட்டிக்குப் போவும்போது எடுத்தது."

சித்தப்பா ஃபியூஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்பிடிக் கண்டுபிடிச்சுப் புடுங்குன?" என்றார் சித்தப்பா.

"ஹாரன் படம் போட்டிருக்கு. புடுங்கதுக்குக் கிளிப்பும் உள்ளயே வச்சிருக்கான். டீ கிளாஸ் வைக்கதுக்கா மூடி குடுத்தான்?"

யூசுப் பாய் மெதுவாகத் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

"இங்க இருந்து சத்தமில்லாம உருட்டிட்டுப் போங்க. தெருமுனை நாக்காவுல நிறுத்தி மாட்டிக்கிடுங்க. சாயங்காலம் வரும்போது அங்கனயே கழத்திருங்க. வாசல்ல ஒரு ஹாரன் கேட்டுச்சு, மறுநாள் காரு ஸ்டார்ட்டே ஆவாது. அதுக்கும் படம் பாத்து வச்சிருக்கேன்."

சித்தி மேலே போய்ப் படுத்துவிட்டார்.

இன்று காலை சித்தப்பாதான் என்னைப் பள்ளியில் விட்டார். கார் எங்கள் ஜன்னலைத் தாண்டி ஊமையாகவே போனது. நாக்காவில் ஓரம்கட்டினார். பானெட்டைத் தூக்கினார். கிளிப்பால் நீல ஃபியூஸைப் பிடித்து மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார். "க்யா ஹுவா, சேட்?"

சித்தப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

"ரிலே கா ப்ராப்ளம்!"