கவிதாவின் கையைக் காட்டாத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எந்தப் பெட்டியும் நல்ல பிள்ளையாகிவிடும். அவன் பைக்கைத் திருப்பியதும் மறுபடி படுத்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் அவதிப்படும் சகோதரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழவேற்காட்டில் கடை வைத்திருக்கும் எனக்குக் கூடுதல் வில்லன், ஏரிக்காற்றில் வரும் உப்பு.

நல்ல பிள்ளை

பக்கத்துக் குப்பமான தோணிரேவில் மீன் பிடிக்கும் தேசிங்கு அண்ணன் வீட்டுப் பெட்டி, மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவைதான் கிளம்புமாம். போனேன். ஐந்து முறை அணைத்துப் போட்டேன்; ஐந்து முறையும் ஜம்மென்று ஓடியது. எனக்கே அவமானமாகிவிட்டது. அவர் மனைவி மல்லிகா அக்கா டீயை நீட்டிச் சொன்னார்: "உன்ன கண்டா பயப்படுது தம்பி. பேசாம இங்கயே தங்கிடு."

அழிரப்பர்

மறுநாளே கூப்பிட்டார்கள். திறந்தால், ராம் என்னும் மெமரி அட்டையின் பற்களில் உப்பு படிந்து கறுத்திருந்தது. அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன், கிளம்பியது. "உப்பு ஏறாம பாத்துக்குங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

போன் இருக்கும்போது இந்தப் பெட்டி எதற்கு என்றும் கேட்டேன். அவர்கள் மகள் கவிதாவுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. திருப்பூரில் வேலை செய்கிறாள். ஒரு வரன் வந்திருக்கிறது. அக்கா சொன்னார்: "போன் சின்னது, மூஞ்சி தெரிஞ்சா கை தெரில. எங்க ரெண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. அவ சரின்னு எழுதிக்கீறானு என் தம்பிதான் படிச்சு சொல்றான். எனக்கு அவ கையப் பாக்கணும்."

கிரீஸ்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள். காலையில் பெட்டி பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றுமில்லை. ஓடிப்போய்த் திறந்தேன். ராம், அதைச் செருகும் இடம், எல்லாவற்றிலும் கெட்டியாகக் கிரீஸ்! தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தேசிங்கு அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீதான உப்பு ஏறக் கூடாதுன்ன? என் போட்டு இஞ்சினுக்கு வருசம் பூரா இதான் பூசறேன். ஒரு நாளும் நின்னதில்ல."

கை

ஸ்பிரிட், பல் துலக்கும் பிரஷ், இரண்டு மணி நேரம். ஒருவழியாகத் திரை வெளிச்சமானது, வீடியோ காலில் கவிதா வந்தாள். கடலில் இஞ்சின் சத்தத்தில் படகுக்குப் படகு கையால் காட்டும் ஜாடைகளைத்தான் அண்ணன் அவளுக்குப் பேச்சாகக் கற்றுக்கொடுத்திருந்தார். இந்த வரன் சம்மதமா என்று அவர் ஜாடையில் கேட்டார். அவள் இரண்டு கையையும் குறுக்கே வீசி, உள்ளங்கையைக் கவிழ்த்தாள். மறுபடியும் அதையே செய்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

அக்கா, 'சரி' என்று படித்துச் சொன்ன தம்பியைத் தேடி வெளியே போனார். அண்ணன் திரைக்கு அருகே போய்க் கையை ஆட்டிக்கொண்டே, அவளுக்குக் கேட்காது என்பதையும் மறந்து வாய்விட்டுச் சொன்னார். "நீரோட்டம் சரியில்ல, வலைய வுடாதன்றியா? வுடல கண்ணு, வுடல."

ஓடாத பெட்டியை ஓடவைத்து, நடக்க இருந்த கல்யாணத்தை நிறுத்திய ரிப்பேர்காரன் இந்த ஏரிக்கரையில் நான் ஒருவன்தான்.