இரண்டு நிற அரிசி

நான் சந்தேகக்காரன். போதகருக்கு ஆகாத குணம் இது என்று கலியாணமான முதல் வருடமே என் மனைவி சொல்லிவிட்டாள். ஆராதனைக்கு ஒருவர் வராவிட்டால் அவருக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று அவள் நினைப்பாள். என் பிரசங்கம் பிடிக்காமல் வேறு சபைக்குத் தாவப் பார்க்கிறார் என்று நான் நினைப்பேன். பாதி நாள் அது காய்ச்சலாகத்தான் இருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனையில் எனக்கு ஒரு சின்னச் சபையைக் கொடுத்தார்கள். மொத்தமே பதினொரு வீடு. சுற்றிவர முஸ்லிம்களும் சைவர்களும். கடைத்தெருவில் நான் நடந்தால் கதை நின்றுவிடும். கடந்து போனதும் மறுபடி தொடங்கும். ஆள் சேர்க்க வந்தவன் என்று என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அவர்கள் நெல் விலையைப் பேசியிருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடுமுன் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு சட்டியில் போட்டு வைப்பார்கள். வாரம் முழுவதும் சேர்ந்ததை ஞாயிறன்று சின்னத் துணிப்பையில் கட்டி வந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். அது போதகர் வீட்டு அடுப்புக்கு. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டது பெரும்பாலும் அந்தச் சோற்றைத்தான். பைகளை அவிழ்த்துக் கொட்டி, கழுவிக் காயவைத்து, உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பது மனைவியின் வேலை. அதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

அப்படிப் பார்த்ததில்தான் ஒரு விதவையின் பை கண்ணில் குத்தியது. கணவனைக் கடல் கொண்டுபோன பெண் அவர். நிலபுலம் கிடையாது. பக்கத்துச் சாய்ந்தமருதில் ஒரு முஸ்லிம் போடியாரின் வீட்டில் நெல் குத்திப் பிழைத்தார். போடியார் என்றால் வயற்காரர், பத்துப் பேருக்கு வேலை கொடுக்கக்கூடியவர். இந்த அம்மா உண்பது கூப்பன் அரிசி, அரசாங்கப் பங்கீட்டில் கிடைப்பது, வெள்ளை வெளேரென்று புழுங்கல் நாற்றத்தோடு வருவது. அவருடைய பையிலோ அதோடு சிவப்பு நாட்டரிசியும் கலந்து கிடந்தது. உரலில் குத்திய, தவிடு போகாத, நல்ல அரிசி. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் சிவப்பு இன்னும் கூடியிருந்தது.

"இது எங்கிருந்து வருது?" என்றேன்.

"அரிசிக்கு வாய் இருந்தா அதையும் நீங்க விசாரிப்பீங்க" என்றாள் மனைவி.

எனக்குச் சோறு இறங்கவில்லை. களவரிசியைத் தின்றுவிட்டு, களவு செய்யாதிருப்பாயாக என்று எந்த முகத்தோடு பிரசங்கிப்பது? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஒரு வேதக்காரப் பெண், ஒரு கிறிஸ்தவள், முஸ்லிம் வீட்டில் களவெடுத்தாள் என்று ஊருக்குத் தெரிந்தால் பதினொரு வீட்டின் மானமும் சந்தி சிரிக்கும். ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தவித்தேன். தாய் வயதுப் பெண்ணிடம் நேரே கேட்கவும் வெட்கமாக இருந்தது. அதனால் கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்தேன்.

புடவைக் கடையொன்றில் போடியாரைக் கண்டேன். சுகம் விசாரித்தேன், வெள்ளாமை பற்றிக் கேட்டேன். பிறகு ஒன்றுமறியாதவன்போல, "வீட்டில நெல்லுக் குத்திற ஆக்கள நம்பலாமா போடியார்? அரிசி சரியா வந்து சேருதா?" என்றேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஏன் பாதிரியார், உங்களுக்கு என்னவும் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? சும்மா கேட்டன்."

பெயர் சொல்லவில்லையே என்று திருப்தியோடு வீடு வந்தேன். அவர் வீட்டில் வேலை செய்த ஒரே வேதக்காரி அந்த அம்மாதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. மறுநாளே அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் அவர் பை கொண்டுவந்தார். பாதிதான் நிறைந்திருந்தது, முழுக்கக் கூப்பன் அரிசி. களவு நின்றுவிட்டதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று மனைவியிடம் காட்டினேன். அவள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகல், திரை கட்டிய மாட்டுவண்டி எங்கள் பின்வாசலில் வந்து நின்றது. இறங்கியது போடியாரின் மனைவி. நேரே குசினிக்குள், அடுப்படியில் இருந்த என் மனைவியிடம் போனார். நான் முன்னறையில் இருந்தேன். சந்தேகக்காரனுக்குக் காது மட்டும் கூர்மையாகத்தான் இருக்கும்.

"உங்கட மனுசன் என்னத்துக்குப் புள்ள எங்கட ஊட்டுக்காரருக்கிட்ட அப்பிடிக் கேட்ட? அந்த அரிசி நான் குடுத்த" என்றார். "உலைக்கு முன்ன ஒரு பிடி எடுத்து வெக்கிற எண்டு அவ ஒரு நாள் சொன்னா. கேக்க எனக்கும் நல்லா இரிந்திச்சி. நானும் பிஸ்மி சொல்லி ஒரு பிடி எடுத்து வெச்சன். ஒரு பிடி அரிசிக்கு அவருக்கிட்டக் கேக்கோணுமா?"

"அத அவ போடியாரிட்டச் சொல்லியிருக்கலாமே, ராத்தா" என்றாள் மனைவி.

"சொன்னா என்ட பேரு வருமெண்டு வாய மூடிக்கிட்டுப் பெய்த்தா. நான் அக்கரப்பத்தில உம்மா ஊட்ட இரிந்தன். நேத்து வந்துதான் தெரிஞ்ச. அவருக்கிட்ட எல்லாத்தயும் சொல்லிற்றன். நாளைக்கு அவவ வரச் சொல்லி இரிக்கி." பிறகு குரல் தணிந்தது. "பசிச்ச ஆக்களுக்குப் போற எண்டுதான் அத எடுத்து வெச்சன். ஆருக்குப் புள்ள போற?"

அரிசிப் பானையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"நாங்கதான் தின்னுறம், ராத்தா" என்றாள் என் மனைவி.

"அப்ப நீங்களும் பசிச்ச ஆக்கள்தானே" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியேறினார். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை நான். இத்தனைக்கும் அவர் குத்திக்காட்டிச் சொல்லவேயில்லை.

வெயில் தாழுமுன் அந்த அம்மாவின் குடிலுக்குப் போனேன். இரண்டு வாரம் கூலியில்லாமல் அவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்படியிருந்தும் அந்தச் சட்டிக்கு ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். அவர் பாய் விரித்து என்னை இருக்கச் சொன்னார்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே ஐயா. நான் சொல்லியிருப்பன்தானே."

அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பிப் போனார். சபையை விட்டு விலகுவார் என்று எதிர்பார்த்தேன். விலகவில்லை. ஞாயிறன்று மற்றவர்கள் பைகளை வைத்துவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போனார்கள். அவர் மட்டும் என் முன்னால் வந்து நின்று, பையின் வாயை அவிழ்த்து நீட்டினார். வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தது. பதினொரு வீடும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேணாம் அம்மா" என்றேன் மெதுவாக.

"பாருங்க ஐயா. பாத்திட்டாத்தான் உங்களுக்கு நிம்மதி."

அவர் குரலில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு மாற்றலாகும்வரை மூன்று வருடம், ஒரு ஞாயிறு தவறாமல் அவர் பையை அவிழ்த்து நீட்டினார். நானும் ஒவ்வொரு ஞாயிறும் குனிந்து பார்த்தேன்.