இந்த வெள்ளிக்கிழமை படத்தில் அவர் வருகிறார்

எங்கள் தெருமுனைச் சுவரில் வியாழக்கிழமை சாயங்காலம் புதுப் போஸ்டர் ஒட்டுவார்கள். போன வாரக் கதாநாயகனின் முகத்து மேலேயே பசையைத் தடவி, இந்த வாரக் கதாநாயகனை ஒட்டிவிட்டுப் போவார்கள். கல்யாணமாகிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்ததிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. என் மகள் பள்ளியில் படிப்பது மலையாளம், தமிழ் எழுத்தைக் காட்டினால் முழிப்பாள். அதனால் என்னென்ன படம் வருகிறது என்று அவள்தான் வாராவாரம் எனக்கு வாசித்துச் சொல்வாள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை அப்படித்தான் வாசித்தாள். நடுப் போஸ்டரின் பெயரைக் கேட்டதும் தோளில் இருந்த துணி மூட்டையைத் தரையில் வைத்துவிட்டேன்.

அது என் வீட்டுக்காரர் நடித்த படம். நடித்தார் என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு காட்சி, ஒரே ஒரு வசனம்.

எங்களுக்கு இஸ்திரிக் கடை. மட்டாஞ்சேரியில் வருஷம் முழுக்க ஷூட்டிங் நடக்கும். பழைய சரக்குக் கிட்டங்கியும் காரை உதிர்ந்த சுவரும் சினிமாக்காரர்களுக்கு அப்படிப் பிடிக்கும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் பிடிக்காது. ஷூட்டிங் துணியெல்லாம் எங்கள் கடைக்குத் தேய்க்க வரும். அன்றைக்குச் சட்டைகளைக் கொடுக்கப் போனவரை உதவி இயக்குநர் ஒருவன் பிடித்து நிறுத்தியிருக்கிறான். கடைக்காரனாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லையாம். "சேட்டா, ஈ ஷர்ட் நிங்ஙள் தன்னெ இட்டோ" என்று, அவர் தேய்த்த சட்டையை அவருக்கே மாட்டிவிட்டான். கதாநாயகன் எதையோ தேடி வருவான். இவர் கடைப் பலகையைப் போட்டுக்கொண்டே, கடை மூடியாச்சு, நாளைக்கு வா என்று மலையாளத்தில் சொல்ல வேண்டும்: "கட அடச்சு. நாளெ வா."

மழையால் அந்தக் காட்சி தள்ளிப்போன மூன்று நான்கு நாளும் என் உயிரை வாங்கிவிட்டார். சிலிண்டரை மாற்றுங்கள் என்றால், "கட அடச்சு, நாளெ வா." பிள்ளையைக் கொஞ்சம் தூக்குங்கள் என்றாலும் அதே பதில். பேசுவதற்கு முன் எப்போதும் தொண்டையைச் செருமுவார், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர் மாதிரி. கடைசி 'வா'வை நம் தமிழ் வழக்கத்தில் நீட்டி இழுப்பார். அந்த உதவி இயக்குநர் எவ்வளவோ திருத்திப் பார்த்தான், மசியவில்லை.

"போகச் சொல்ற மாதிரியே இல்ல. உள்ள வாங்க, சாயா குடிங்கன்னு கூப்பிடற மாதிரி இருக்கு" என்று நான் கிண்டல் பண்ணினேன்.

"கடைக்காரன்னா அப்படித்தான்டீ இருக்கணும்" என்றார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். மத்தியானம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில் என் தோளில் சாய்ந்திருந்தார். திரும்பி வரவில்லை. மகளுக்கு அப்போது இரண்டு வயசு.

முகம் எங்கேயும் போகவில்லை. சுவரில் படம் இருக்கிறது, ரேஷன் கார்டில் இருக்கிறது. குரல்தான் முதலில் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கூப்பிடு தூரத்தில் கடை, அங்கிருந்தே சத்தம் போடுவார். அப்படிப்பட்ட மனுஷன் போனில் குரலைப் பதிந்தா அனுப்புவார்? அவரிடம் இருந்தது பட்டன் போன். என்னுடைய பழைய போன் சோப்புத் தண்ணீர் வாளியில் விழுந்து செத்தது. கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பாவி வீடியோக்காரன் ஆரம்பம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருக்கிறான். மணவறையில் அவர் என்னைப் பார்த்து என்னவோ சொல்கிறார், வாய் அசைகிறது, பாட்டுதான் கேட்கிறது.

துணி தேய்க்கும்போது அவர் என்னைக் கூப்பிடுவதை மனசுக்குள் வரவழைத்துப் பார்ப்பேன். சில நாள் வரும். சில நாள் அந்தச் செருமல் மட்டும் வரும், பேச்சு வராது. அந்தப் படம் ஏதோ தகராறில் வருஷக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்தது. கிடந்தால் கிடக்கட்டும், அவர் குரல் அதற்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பியிருந்தேன். என்றைக்காவது ஒரு வெள்ளிக்கிழமை அது வெளியே வரும், மகளுக்குக் கேட்கக் கொடுப்பேன் என்று இருந்தேன்.

இடையில் ஒருமுறை அந்த உதவி இயக்குநர் கூப்பிட்டான். அவர் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. "சேச்சி, சேட்டன் எவிடெ? டப்பிங் உண்டு" என்றான். விஷயத்தைச் சொன்னேன். ஐயோ என்றான். பிறகு, "அது ஞங்ஙள் நோக்கிக்கோளாம், சேச்சி" என்றான். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றால் ஆறுதல் சொல்கிறான் என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. இத்தா என்று நான் கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்காவும் கூட வருகிறேன் என்றாள். கிளம்பும்போது, "மோளெ கொண்டுபோணோ?" என்று தயங்கினாள். போனவர் நடமாடுவதைக் குழந்தைக்குக் காட்டலாமா என்று அவளுக்குப் பயம்.

"அவளுக்காகத்தானே இத்தா போறதே" என்றேன்.

தோப்பும்படி தியேட்டரில் மேட்னி. பாதி சீட் காலி. முன்னால் நாலு பையன்கள் பாப்கார்னை மென்றுகொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் தெரு வந்தது. கதாநாயகன் நடந்து வருகிறான். ஓரத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கடைப் பலகை போடுகிறார். காலர் மடிப்பைப் பார்த்தேன். அப்படி மடிக்க அவரால்தான் முடியும்.

திரும்பினார். ஐந்து வருஷமாகச் சுவரில் அசையாமல் இருந்த முகம் அசைந்தது. குரல்வளை ஏறி இறங்கியது. செருமுகிறார். ஆனால் சத்தம் வரவில்லை. வாயைத் திறந்தார்.

"கட அடச்சு. நாளெ வா."

வேறு யாரோ பேசினார்கள். கனமான, தெளிவான, வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரியான குரல். அந்த 'வா' கதவைச் சாத்தினாற்போல வெடுக்கென்று முடிந்தது. கதாநாயகன் திரும்பிப் போய்விட்டான். இத்தா என் கையைப் பிடித்து, "அது ஆளுடெ சப்தமல்லல்லோ" என்றாள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவன் சொன்னது இதைத்தான். சினிமாச் சட்டையைத் தேய்க்கத் தெரியும் எனக்கு. சினிமாவில் வாயை ஒரு நாளும் பேச்சை இன்னொரு நாளும் எடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மகள் மட்டும் குதித்துக்கொண்டிருந்தாள். "கட அடச்சு, நாளெ வா" என்று அந்தச் செய்திக் குரலைப் போலவே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களாம்மா?"

"இல்ல. அது அப்பா குரலே இல்ல. வேற யாரோ பேசினது."

"பின்னெ அப்பாவோடது எப்படி இருக்கும்?"

இத்தா வேறு பக்கம் பார்த்தாள். நான் அவர் மாதிரியே தொண்டையைச் செருமினேன். அது சரியாக வந்தது. தைரியமாக வாயைத் திறந்தேன். "கட அடச்சு. நாளெ வா." கடைசி எழுத்து வெடுக்கென்று விழுந்தது. இன்னொரு தடவை சொன்னேன், வேண்டுமென்றே நீட்டினேன். நீட்டினாலும் அந்தச் செய்திக் குரல்காரன்தான் நீட்டுகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடி, சிலிண்டர் மாற்றச் சொன்ன நாளை நினைத்து, மறுபடியும் சொன்னேன்.

மகள் கை தட்டினாள்.

"அதேதாம்மா. சினிமால வந்த மாதிரியே இருக்கு."