ஆஸ்பத்திரி வேனைப் பார்வையிட வந்த நாள்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் வேலை பார்த்தேன். அவசர நோயாளிகளை மதுரைக்குக் கொண்டுபோக அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு வெள்ளை வேன் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்வையிட மேலதிகாரி வருவார். அந்த முறை கம்பவுண்டர் என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே அப்பு, வேன் புழக்கத்துல இருக்குன்னு அதிகாரிக்குத் தெரியணும், நோயாளி மாதிரி உள்ள செத்த நேரம் படுத்துக்க. நீதான் அடிச்சாலும் வாயத் தொறக்க மாட்டியே.”

தலையில் துணி சுற்றி, சிவப்பு மருந்தைத் தடவினார்கள். படுத்தேன். வெளுத்த விரிப்பு, புதுப் பெயிண்ட் வாசனை.

அதிகாரி வருவதற்குள் அய்யலூர் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. கிணறு வெட்டும்போது வெடி முந்திக்கொண்டதில் ஓர் ஆளின் கால் நசுங்கியிருந்தது. வண்டிப் பலகை வழியாக ரத்தம் சொட்டியது. டாக்டர் கட்டுப்போட்டு, உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அடிபட்டவனின் தம்பி வேனை நோக்கி ஓடிவந்தான்.

“பொறுப்பா, அதிகாரி வந்துட்டுப் போகட்டும்” என்றார் கம்பவுண்டர்.

“உசுரு போகுதுண்ணே! உள்ள இருக்கவருக்கு என்னண்ணே, நல்லாத்தான முழிச்சுக்கிட்டுக் கெடக்காரு?”

நான் எழப் பார்த்தேன். கம்பவுண்டர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

வெகுநேரம் கழித்துத்தான் அதிகாரியின் ஜீப் வந்தது. அவர் எட்டிப் பார்த்ததும் கீழே குதித்துத் தலைக்கட்டை அவிழ்த்தேன். “எனக்கு ஒண்ணுமில்லீங்கய்யா. அவர ஏத்தச் சொல்லுங்க.”

அதிகாரி என்னையும் மாட்டுவண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏத்துங்கய்யா! டிரைவர், வண்டிய எடு!”

டிரைவர் அசையவில்லை. “இன்ஜின் இல்லீங்கய்யா.”

முன்மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே தரை தெரிந்தது. காலையில் ஆள்விட்டுத் தள்ளித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வண்டியிலா இவ்வளவு நேரம் படுத்திருந்தேன்? இதற்காகவா அந்தத் தம்பி காத்துக் கிடந்தான்?

“நல்ல நெலமையில இருக்குன்னு இதுக்கு எவன்யா எழுதிக் குடுத்தது?”

கம்பவுண்டர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “நீங்கதாங்கய்யா. போன வருசம்.”

அதிகாரி தன் ஜீப்பிலேயே அடிபட்டவனை ஏற்றி அனுப்பிவிட்டு, வெயிலில் அப்படியே நின்றார்.

பிறகு இன்ஜின் வந்தது. அவர் முன்கூட்டிச் சொல்லாமல் வர ஆரம்பித்தார். வந்ததும் வேனில் ஏறி உட்கார்ந்து, “ஓட்டு, பார்ப்போம்” என்பார். ஓட்டிப் பார்க்காமல் எந்த ஆஸ்பத்திரி வண்டிக்கும் கையெழுத்துப் போடக்கூடாது என்று உத்தரவும் வந்ததாகச் சொன்னார்கள்.

தம்பி ஒருநாள் கடைக்கு வந்தான். அண்ணன் பிழைத்துவிட்டானாம், கால் போய்விட்டதாம். “முன்னாடியே கொண்டாந்திருந்தா காலக் காப்பாத்திருக்கலாம்னாங்கண்ணே.”

அன்று வேனுக்காக அவன் காத்திருந்தபோது, மதுரை பஸ்கள் எங்கள் கடை வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. அந்த வேன் மட்டும் அங்கே நிற்காமல் இருந்திருந்தால், முதல் பஸ்ஸிலேயே அண்ணனை ஏற்றியிருப்பான்.

1969, தை 20.