கொப்பரைக்காரியும் மாமியார் மூக்கும்

அந்த எண்ணெய்ப் பட்டறையில் அவளுக்குக் கொப்பரைக்காரி என்றுதான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள்.

பட்டறைக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் கசப்பு ஆரஞ்சு மரங்கள். பழத்தைத் தெரியாமல் கடித்தவர்களின் முகம் போகும் போக்கைப் பார்த்தால், இதையும் ஒருத்தர் நட்டு வளர்ப்பாரா என்று தோன்றும். ஆனால் மரம் ஒன்றுதான், எண்ணெய் மூன்று. பழத்தோலை அப்படியே பிழிந்தால் ஒன்று. இலையையும் இளங்குச்சியையும் ஆவியில் வேகவைத்தால் இன்னொன்று. அதைச் சோப்புக் கம்பெனிக்காரர்கள் வாங்கிப்போவார்கள். பூவை வேகவைத்தால் மூன்றாவது. வண்டி நிறையப் பூ கொட்டினால் ஒரு சொம்பு எண்ணெய் தேறுவதே பெரும்பாடு. அத்தர், சென்ட் செய்கிறவர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள். மனப் படபடப்பை அடக்கும் என்றும் சொல்வார்கள். அது எந்த அளவுக்கு நிஜமோ, பூக்காலத்தில் பட்டறைக்குள் சண்டை குறைவு என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

கொப்பரைக்காரி இலைக் கொட்டகையில் குச்சி பொறுக்கிக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தாள். பிறகு அடுப்புப் பக்கம், அப்புறம் குழாய்ப் பக்கம் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் இலையையும் பூவையும் வேகவைக்கிற அந்தப் பெரிய செம்புக் கொப்பரையே அவள் பொறுப்புக்கு வந்தது. எப்போது ஆவி விடுவது, எப்போது நிறுத்துவது, தண்ணீர் மேல் மிதக்கிற எண்ணெயை எந்தச் சொட்டோடு பிரிப்பது, எல்லாம் அவள் கை, அவள் மூக்கு. காலையில் வந்ததும் கொப்பரையின் வயிற்றில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. சோறு போடுகிற சாமானுக்கு அந்த மரியாதைகூடக் கொடுக்காவிட்டால் எப்படி?

இப்படிப்பட்டவளுக்கு மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, போகிற போக்கில் மூக்கில் இருந்த வாசனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பை முகர்ந்தாள். மண்ணெண்ணெயை முகர்ந்தாள். கணவனின் சாக்ஸைக்கூட முகர்ந்து பார்த்தாள். அதற்கே ஒன்றும் தெரியவில்லை என்றதும்தான் உண்மையிலேயே பயந்துபோனாள். டாக்டர், வந்தாலும் வரும், நாளாகும் என்றார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கு போன கொப்பரைக்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? மறுபடியும் குச்சி பொறுக்கப் போக வேண்டியதுதான். குச்சி பொறுக்குவது கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. அந்தக் கொப்பரையை இன்னொருத்தி தட்டுவதைத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டுமே, அதைத்தான் நினைக்க முடியவில்லை.

இலைக் காலம் முழுக்க ஒப்பேற்றிவிட்டாள். இலை எண்ணெய் அவ்வளவு நுணுக்கம் பார்க்காது. கண்ணும் கையும் போதும். பூக்காலம் அப்படியில்லை. இலை வேகவைத்த அதே கொப்பரையில்தான் பூவையும் போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் கொப்பரைக்குள் வெறும் ஆவி விட்டு, விட்டு, இலை வாடை சுத்தமாகப் போகும்வரை கழுவ வேண்டும். குழாயில் இறங்குகிற சொட்டில் காகிதத் துண்டை நனைத்து முகர்ந்து, 'சரி' என்று ஒருத்தர் சொல்ல வேண்டும். கொஞ்சம் வாடை தங்கினாலும் பூ எண்ணெய் கெட்டது. வாங்க வருகிறவன் மூடியைத் திறந்ததுமே திருப்பி வைத்துவிடுவான். அந்த 'சரி'யைச் சொல்கிற ஆள் அவள்தான்.

முதல் பூ வருகிற அன்று விடியற்காலையிலேயே பட்டறைக்குக் கிளம்பிப் போனாள். அவள் போன பிறகு மாமியார் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

மாமியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசலில் மகன் செருப்பைக் கழற்றும்போதே அவன் யாரோடு உட்கார்ந்து சிகரெட் பிடித்தான் என்று உள்ளேயிருந்து சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுக் குழம்பில் உப்பு கூட என்று முகர்ந்தே கண்டுபிடிப்பாள். அதை அவர்களிடம் போய்ச் சொல்லவும் செய்வாள். மாமனார் போன பிறகு அவளுக்குப் பெரிதாக வேலை எதுவும் இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் மூக்கால் விசாரித்துக்கொண்டிருப்பாள். மருமகளோடு பெரிய சண்டை கிடையாது, பெரிய பேச்சும் கிடையாது.

அன்றைக்குப் பருப்புச் சட்டியைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள். ஊசிப்போயிருந்தது. அந்தப் பருப்பைத்தான் மருமகள் டப்பாவில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் மூக்கு சொல்லியிருக்குமே! மாமியார் வேறு சோறு வடித்து, டப்பாவில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறிவிட்டாள். பாதி அக்கறை, மீதி, விஷயத்தைத் துப்பறிந்தே தீர வேண்டும் என்கிற அரிப்பு.

அவள் பட்டறைக்குள் நுழைந்த நேரம், தரையில் விரித்த துணியில் பூ வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. அள்ளிப் போட ஆட்கள் கூடையோடு தயார். பறித்த பூ காத்திருக்காது, வாடினால் அதுவும் நஷ்டம். கொப்பரைக்காரி காகிதத் துண்டை மூக்கில் வைத்து இழுத்தாள். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருப்பதால் ஒன்றும் இல்லையா, மூக்கு செத்ததால் ஒன்றும் இல்லையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். "சரி" என்றாள். ஆட்களுக்குக் கேட்டிருக்காது.

மாமியார் பக்கத்தில் வந்து அந்தத் துண்டை வாங்கி முகர்ந்தாள்.

"என்னடி சரி? பச்சை இலையைக் கசக்கின வாடை குப்புனு அடிக்குது."

"அத்தே, மெதுவாப் பேசுங்க."

"ஏன் மெதுவா? ஊசிப்போன பருப்பைக் கட்டிட்டு வந்திருக்கே. இதுவும் உனக்குத் தெரியல. மூக்கு அடைச்சிருக்கா?"

"அடைக்கல அத்தே. போயிருச்சு. காய்ச்சல்லயே போயிருச்சு." கண்ணில் தண்ணீர் முட்டியது.

மாமியார் மருமகளைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள், கூடையோடு நிற்கிற ஆட்களைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் "ஐயோ, தலை சுத்துதே!" என்று அலறிக்கொண்டு, கொப்பரைக்குப் பூ ஏற்றுகிற படிக்கட்டில் குறுக்காகச் சரிந்துவிட்டாள்.

பட்டறையே ஓடிவந்தது. மேற்பார்வையாளரும் ஓடிவந்தார். எந்நேரமும் சட்டைப்பையில் சூடு பார்க்கிற கருவி இருக்கும் என்பதால் அவருக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். "தண்ணி கொண்டாங்க, விசிறுங்க, நகருங்க" என்று ஒரே கூச்சல். படிக்கட்டை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷி கிடக்கும்போது யார் பூ ஏற்றுவது? மருமகள் குனிந்தபோது மாமியார் ஒரு கண்ணைத் திறந்து, "ஆவியை விடுடி" என்று பல்லைக் கடித்தாள்.

கொப்பரைக்காரி ஆவியைத் திறந்துவிட்டாள். சொட்டு இறங்கியது. துண்டை நனைத்து, மயக்கம் தெளிய வைக்கிற பாவனையில் மாமியார் மூக்கருகே கொண்டுபோனாள். மாமியார் உறிஞ்சிப் பார்த்தாள். "முடியலையே" என்று முனகினாள். மறுபடி ஆவி, மறுபடி துண்டு. "இன்னும் சுத்துதே." தெர்மாமீட்டர் தன் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பிறகு நீட்டிய துண்டை மாமியார் நிதானமாக, இரண்டு நாசியாலும் மாறி மாறி இழுத்துப் பார்த்தாள். சட்டென்று எழுந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரியாயிருச்சு. நீங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

பூ ஏறியது. எண்ணெயைப் பிரிக்கும் நேரத்திலும் மாமியார் பக்கத்திலேயே நின்று, மருமகளின் முழங்கையைக் கிள்ளிக் கிள்ளிச் சொன்னாள். சாயங்காலம் கண்ணாடிக் குடத்தில் மெல்லிய மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. முகர்ந்து பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். தப்பித்தாயிற்று என்று யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கொப்பரைக்காரியால் முடியவில்லை. இன்றைக்கு மயக்கம் போட்டாயிற்று, நாளைக்கு? அதைவிட, பட்டறைக்கே தெரியாமல் பட்டறையின் பூவை வைத்து விளையாடுகிறோமே என்று இருந்தது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு நேராக மேற்பார்வையாளரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மயக்கம் போட்டவங்க அவ்வளவு சுறுசுறுப்பா உறிஞ்சி நான் பார்த்ததில்லம்மா. என்னமோ நடக்குதுன்னு தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல."

"நான் இலைக் கொட்டகைக்கே போயிடறேன் சார்."

"கொப்பரையை யாரு பாக்கறது, நானா? எனக்குச் சூடுதான் பாக்கத் தெரியும்." அவர் மாமியார் பக்கம் திரும்பினார். "நீங்க நாளைக்கு வரமுடியுமாம்மா? சம்பளம் போட்டே எடுத்துக்கறோம். மூக்கு உங்களது, கை இவங்களது."

"எனக்கு எண்ணெய் காய்ச்சவெல்லாம் தெரியாது" என்றாள் மாமியார். "இவ நின்னா நானும் நிப்பேன். இவளை எடுத்துட்டு என்னை மட்டும் வைக்கலாம்னு நினைச்சீங்கன்னா, அந்தக் கதை நடக்காது."

கொப்பரைக்காரி அன்று பஸ்ஸில் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் கையை எடுத்துக்கொள்ளவில்லை, அதுவே போதும் என்று இருந்தது.

மறுநாளிலிருந்து மாமியார்தான் வீட்டில் முதலில் எழுந்தாள். ஜன்னலோர நாற்காலியில் துணி மடித்து வைக்க ஆரம்பித்தார்கள். பட்டறையில் அவளுக்கென்று ஒரு முக்காலி, ஒரு நீல அங்கி. வாசனை திரும்பப் பழக வேண்டும், தினமும் முகர வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, வேலை ஆரம்பிக்கும் முன் மூன்று எண்ணெயிலும் துண்டு நனைத்து மருமகள் முன்னால் நீட்டுவாள். முகர முடியாதவளுக்கு வாயாலேயே ஊட்டுவாள்.

"இது தோலு. கண்ணுல தெறிச்ச மாதிரி சுருக்குனு இருக்கும். இது இலை. மழை விட்டதும் வேலியை வெட்டிக் குவிச்சிருக்கான்னு வெச்சுக்கோ. இது பூ. குளிப்பாட்டித் துடைச்சு மடியில போட்ட குழந்தை. ஆனா அடியில ஒரு கசப்பு ஓடுது. அதுவும் இல்லைன்னா இது வெறும் சீனிப்பாகு."

ஒருநாள் தோல் எண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு, வாசனை நன்றாயிருக்கிறது என்று மாமியார் வெளியே வெயிலுக்குக் கிளம்பிவிட்டாள். மருமகள் பின்னாலேயே ஓடி, இழுத்துவந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். "இந்த எண்ணெயோட வெயில்ல நின்னா தோல் வெந்து கறுத்துரும் அத்தே. மாசக்கணக்குல போகாது." மாமியார் முதன்முறையாக மருமகளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள். அப்புறம் அந்தப் பட்டறையில் யார் தோல் எண்ணெய்க் கையோடு வாசலைத் தாண்டினாலும் அவள் போட்ட சத்தத்தில் கூரை பெயரும்.

அந்தப் பூக்காலம் போயிற்று. பழமும் போயிற்று, இலையும் போயிற்று. மறுபடி பூ வந்தது.

வந்த இரண்டாம் வாரம், வெந்த பூவை வெளியே தள்ளுவதற்காகக் கொப்பரையின் மூடியைத் திறந்தாள் கொப்பரைக்காரி. ஆவி முகத்தில் அடித்தது. ஆவிக்குள் என்னவோ இருந்தது. நூல் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, விட்டு, இன்னொரு தடவை இழுத்தாள். முதலில் வந்தது கசப்பு. அதன் மேலே, மெல்ல, மாமியார் சொன்ன அந்தக் குழந்தை. அவள் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. புகை, ஆவி என்று சமாளிக்கலாம், பட்டறையில் அந்தச் சௌகரியம் உண்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் தெர்மாமீட்டர் அந்தப் பக்கம் வந்தார்.

"என்னம்மா, மூக்கு ஏதாவது தேவலையா? வந்துட்டா சொல்லுங்க. பெரியம்மாவுக்கும் பாவம், எதுக்குத் தினமும் பஸ்ல அலைச்சல்? வீட்ல ஓய்வா இருக்கட்டும்."

கொப்பரைக்காரி முக்காலியைப் பார்த்தாள். நீல அங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு, காகிதத் துண்டுகளை விரல் இடுக்கில் வரிசையாகச் செருகிக்கொண்டு மாமியார் உட்கார்ந்திருந்தாள். தலை இந்தப் பக்கம் திரும்பவில்லை. கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"இல்ல சார்" என்றாள் கொப்பரைக்காரி. "இன்னும் ஒண்ணும் தெரியல. அத்தை இல்லாம எனக்கு ஓடாது."

பச்சைப் பொய். போன வருஷம் முதல் பூ ஏறிய அன்று உண்மையைச் சொல்லாமல் சாயங்காலத்தைத் தாண்ட முடியாதவள், இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கூடையை எடுத்தாள்.

தெர்மாமீட்டர் போனதும் மாமியார் எழுந்து வந்தாள். மருமகளின் முகத்தை அங்கியின் கையாலேயே அழுத்தித் துடைத்துவிட்டாள்.

"எப்ப வந்துச்சு?"

"இப்பதான் அத்தே."

"எது முதல்ல தெரிஞ்சுது?"

"கசப்பு."

மாமியார் ஒரு துண்டைச் சொட்டில் நனைத்து, மருமகள் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"ரெண்டு பேரும் பார்த்துச் சொல்லுவோம்" என்றாள்.