கமறியா குடி மாறிய கட்டடங்கள்

கமறியாவின் பெயரை றஹ்மத் உம்மா முதன்முதல் கேட்டது தில்லையடியில், இறந்தவருக்காகக் கத்தம் ஓதிய ஒரு வீட்டில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சி ஒருத்தி, "உங்கட மகன் ஃபாஹிமுக்கு ஒரு புள்ள ஈக்கி. கல்பிட்டி றோட்டுல தென்னந்தோட்டத்துக் கமறியாட கடைசி மக, நஸ்ஹா," என்றாள்.

அடுத்திருந்தவள் சிரித்தாள். "மகமாருட கலியாணத்துக்கெல்லாம் குடி மாறுற கமறியாவா? இப்ப மாட்டுக் கரத்தை நிண்ட கொட்டில்ல ஈக்கா. இனிக் களப்புத் தண்ணியிலதான் இறங்கணும்."

பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளை எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். மகனுக்குப் பேசப் போகிற தாய் முதலில் வீட்டைத்தான் பார்ப்பாள். அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் குறுகுறுத்துக்கொண்டே இருக்க, றஹ்மத் உம்மா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஆட்டோ பிடித்தார்.

தோட்டத்துப் பெரிய வீடு, கமறியாவின் கணவன் அபூசாலியின் மூத்தாப்பா கட்டியது. உயர்ந்த அத்திவாரம், தடித்த சுண்ணாம்புச் சுவர், சுற்றிவர விறாந்தை, பீலி ஓடு. அதன் பின்னால் நெல் களஞ்சியம், அதற்குப் பின்னால் கொப்பரா அடுக்கும் மால், பிறகு மாட்டு வண்டி நிறுத்தும் கரத்தைக் கொட்டில். எல்லாவற்றுக்கும் கடைசியில், களப்போரம், தேங்காய்ப் பருப்பை நெருப்பில் வாட்டும் போறணை. புகை வீட்டுக்கு வரக்கூடாதென்று அதை அவ்வளவு தூரம் தள்ளிக் கட்டியிருந்தார்கள்.

அபூசாலி மௌத்தான பிறகு கமறியா பெரிய வீட்டை மூத்தவள் ஸம்ஹாவுக்கு எழுதிவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு களஞ்சியத்துக்குப் போனார். காற்றுப் புகாத அந்தச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்து, அது வீடு மாதிரி ஆனதும் அடுத்தவளுக்குப் பேச்சு வந்தது. மாலுக்குப் போனார். அங்கே எறும்போடு மல்லுக்கட்டி, நிலத்துக்குச் சீமெந்து போட்டு முடிக்க மூன்றாமவளின் கலியாணம். தான் திருத்திய கூரைக்குக் கீழே ஒரு மாரியை ஆறுதலாகக் கழித்ததில்லை அந்த மனுஷி.

றஹ்மத் உம்மா போன அன்றும் அவர் ஓரிடத்தில் இருக்கவில்லை. தேத்தண்ணி தந்தார், கதிரையை நகர்த்தினார், குந்தினார், உடனே எழும்பிச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான் நஸ்ஹாட வீடு, தங்கச்சி. ரெண்டு கரத்தை ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நிண்ட நீளம். ஒரு சொட்டு மழை உள்ள வராது."

"மாஷா அல்லாஹ். நீங்க எங்க இருப்பீங்க, ராத்தா?"

"போறணை ஈக்கே."

சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார். றஹ்மத் உம்மா பின்னால் ஓட வேண்டியிருந்தது.

போறணையின் வாசலில் குனிந்துதான் நுழைய முடிந்தது. நெருப்புக் குழியை மணலால் மூடி, மேலே கட்டில் போட்டிருந்தது. கூரையோரத்தில் புகை போகிற துவாரங்களைத் தவிர வெளிச்சத்துக்கு வழியில்லை. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார். ஆனால், அதற்குள் மண்ணிறத் திட்டுகள் ஊறி வந்துவிட்டன. றஹ்மத் உம்மா தொட்டுப் பார்த்தார். விரலில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு.

"திரும்பத் திரும்ப அடிக்கிறன், விடுகுதில்ல," என்றார் கமறியா.

"எத்தின வருசத்துக் கொப்பரா எண்ணெய் குடிச்ச கல்லு! சுண்ணாம்பு எங்க நிக்கப் போகுது? கபுறுக்குப் போக முந்தியே இருட்டுப் பழகுறீங்களா, ராத்தா?"

"மகமாரு கூப்பிடுறாளுகதான். குடுத்த வீட்டுல திரும்பப் போய்க் குந்தவா?"

றஹ்மத் உம்மா வெளியே வந்து மூச்சு வாங்கினார். வீட்டில் தன் மகளும் வளர்ந்து நிற்கிறாள். இருப்பது ஒரே வீடு. அதன் பின்னால் ஒரு போறணைகூட இல்லை. மகனை இந்தக் கொட்டிலில் குடிவைத்தால் கமறியா அந்தக் கரிக்குழியில் படுப்பார். வேண்டாமென்று போனால் நஸ்ஹாவைக் கழித்துவிட்டுப் போனார்களென்று ஊர் பேசும். கொட்டிலைச் சுற்றி நடந்தார். பின்சுவரில், பழைய சாந்துக்கு நடுவே அகலமாகச் சீமெந்துக் கல் அடைத்திருந்தது கண்ணில் பட்டது.

"இதென்ன?"

"கரத்தை வெளிய போற வாசல். மாட்டப் பின்னுக்கு எடுக்க ஏலாதே, அதால முன்னால வந்து பின்னால போறது. கச்சான் காத்து அடிக்குதெண்டு நான்தான் அடைச்சேன்."

"உடைங்க. நடுவுல ஒரு சுவர எழுப்புங்க. முன்பக்கம் புள்ளைக்கு, பின்பக்கம் உங்களுக்கு."

கமறியாவுக்குக் கோபம் வந்தது. "மத்தவளுகளுக்கு முழுசாக் குடுத்தேன். கடைசி மகளுக்குப் பாதியா? அவட மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கிற?"

"மாப்புள்ளட உம்மா நான். எனக்குப் பாதி போதும். நீங்க போறணைக்குள்ள போனா இந்தக் கலியாணம் இல்ல. உங்கள அங்க தள்ளிப்போட்டு எண்ட மகன் இங்க சோறு தின்னுவானா?"

கமறியா முந்தானையை இழுத்துச் செருகினார், அவிழ்த்தார், திரும்பச் செருகினார். களப்புப் பக்கம் கொஞ்சம் நடந்து திரும்பி வந்தார்.

"நடுச்சுவர்ல கதவு வைக்க மாட்டேன்."

"வைக்காதீங்க."

"மருமகன் சும்மா சும்மா வந்து நிக்கவும் கூடாது."

"வந்தா சுத்திக்கொண்டு வரட்டும். அவனுக்கும் நடை நல்லது, வயிறு வைக்குது."

கமறியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கச்சான் ஓய்ந்ததும் மேசன்மார் வந்தார்கள். சுவர் காய முதலே கலியாணம் நடந்தது. கமறியா இப்போது கரத்தைக் கொட்டிலின் பின்பாதியில் தனியாக இருக்கிறார்.