பிளாஸ்டிக் தெரிந்த கணவர்

கட்டைவிரல் மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு, தெரபிஸ்ட் அம்மா பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, என் கை அளவுக்கு, விரலை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் செய்து தந்தார். "துணிப் பட்டை இப்போ வேண்டாம், அதுல விரல் அசையும்" என்றார்.

அது அழுத்துகிறது என்று வீட்டில் சொன்னதுதான் என் தப்பு. கணவருக்குத் தாராவியில் பிளாஸ்டிக் பட்டறை. "இருபது வருசமா பிளாஸ்டிக் உருக்குதேன், எனக்குத் தெரியாதா? கொண்டா, தளத்தித் தாரேன்" என்று வெந்நீரில் போட்டு வளைத்தார். நானும் மூளையில்லாமல் மாட்டிக்கொண்டேன்.

மூன்றே நாளில் விரல் உள்பக்கம் சாய்ந்து வீங்கியது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மறுபடி ஆபரேஷன்தான்" என்று திட்டிவிட்டு, தெரபிஸ்ட் புதிதாகச் செய்து கொடுத்தார். நம் மேதையோ, "மெட்டீரியல் மட்டம்" என்றார்.

இப்போது அழுத்தினால் தெரபிஸ்டிடம்தான் போகிறேன். மற்ற வீடுகளில் மாத்திரையைக் குழந்தைக்கு எட்டாமல் வைப்பார்கள். நான் கை கழுவும்போது ஸ்பிளின்ட்டை இவருக்கு எட்டாமல் வைக்கிறேன்.